இல்லத்தில் ஓர் இதழ்

செய்தியாவது கேட்டதைத் திரும்பக் கூறுவதன்று; கேட்டதை வினவி, உறுதிப்பட்டதை மட்டும் எடுத்துரைப்பதாகும். கைப்பேசியில் வந்ததை மறுகணமே பிறர்க்கு அனுப்பும் இந்நாளில், இவ்வேறுபாட்டைப் பிள்ளைகட்கு இளமையிலேயே உணர்த்துதல் பெற்றோர் கடமையாகும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. 1878-இல் சென்னையில் இளைஞர் அறுவர் 'தி இந்து' வார இதழைத் தொடங்கியபோது அச்சிட்டவை 80 படிகளே. அவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் 'சுதேசமித்திரன்' இதழைத் தோற்றுவித்தார். பாரதியார் 1904-இல் உதவியாசிரியராய்ச் சேர்ந்து இதழ்ப்பணி பயின்றதும் அவ்விதழிலேயே. இல்லத்து இதழுக்கோ ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் போதும்.

முதலாவது பயிற்சி வினவுதல். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எவ்வாறு என்னும் ஆறு வினாக்களையும் பிள்ளை தன் பாட்டியாரிடம் கேட்டு, அவர்தம் இளமை நிகழ்ச்சியொன்றை எழுதுக. இரண்டாவது ஒப்பிடுதல். ஒரே நாளில் வந்த இரு நாளிதழ்கள் ஒரே நிகழ்ச்சிக்கு இட்ட தலைப்புகளை அருகருகே ஒட்டி, வேறுபாடு யாதெனக் கூறுக. மூன்றாவது பகுத்தல். எழுதியவற்றுள் தான் கண்டதன் கீழ் ஒரு கோடும், பிறர் சொல்லக் கேட்டதன் கீழ் இரு கோடும் இடுக.

இம்மூன்றாவது பயிற்சியின் அருமையை நாம் பட்டே அறிந்தோம். நம் இல்லத்துச் சிறுவன் தன் கையெழுத்து இதழில், 'மிதிவண்டியைக் காணவில்லை. எதிர்வீட்டுப் பையன் எடுத்துச் சென்றான்' என எழுதியிருந்தான். தமிழாசிரியராகிய நாம் அதிலிருந்த ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தி, 'நன்று' எனக் கையொப்பமும் இட்டோம். அவனுடைய பாட்டியாரோ, "நீ கண்ணால் பார்த்தாயா, வாப்பா?" என்று ஒரே கேள்வி கேட்டார். "இல்லை, தங்கச்சி சொன்னாள்" என்றான். தங்கையோ, அப்பையன் வண்டியருகே நின்றதை மட்டுமே கண்டிருந்தாள். மாலையில் அவன் மாமா அவ்வண்டியிலேயே கடைத்தெருவிலிருந்து திரும்பினார்!

அதற்குள் உறவினர் பலர் அவ்விதழைப் படித்துவிட்டனர். மறுநாள் சிறுவன் முதற்பக்கத்திலேயே 'திருத்தம்' வெளியிட்டு, அதனை எதிர்வீட்டிற்குத் தானே கொண்டுசென்று காட்டி வருத்தம் தெரிவித்தான். நாமும் உடன் சென்றோம். பிழை அவனுடையது மட்டுமன்றே!

ஒற்றுப்பிழை சொல்லைக் கெடுக்கும். ஆராயாது எழுதிய செய்தியோ ஒருவர் பெயரையே கெடுத்துவிடும். ஆதலின் மாணவர்களே, உங்கள் இல்லத்துத் தம்பி தங்கையர்க்கு எழுதக் கற்பிக்கும்போது, எழுதுமுன் கேட்கவும் கற்பியுங்கள்.