களைத்துப் போகாத வினையூக்கி

புதூர்நாட்டு மலையிலிருந்து டிப்ளமோ படிக்க வந்தவன் நான். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள். ‘வினையூக்கி தான் மாறாமல் வினையை விரைவாக்கும்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமல்லவா? நடைமுறையில் அதுவும் களைத்துப் போகிறது.

சி.என்.ஜி. வண்டிப் புகையில் எரியாமல் தப்பும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதைக் குறைந்த வெப்பத்தில் எரிக்கச் சிறந்த உலோகம் பல்லேடியம். அதற்குப் பகைவர் மூவர்:

1. வெப்பம்: சூடான கல்லில் எண்ணெய்த் துளிகள் சேருவதுபோல் நுண்துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பரப்பு குறையும்.
2. நீராவி: மீத்தேன் எரிந்து பிறக்கும் நீரே பரப்பை அடைக்கும்.
3. கந்தகம்: வினையூக்கிக்கு விஷம்.

2012-ல் அமெரிக்க, இத்தாலிய ஆய்வாளர்கள் ஒவ்வொரு பல்லேடியத் துகளையும் சீரியம் ஆக்சைடு உறையால் மூடினார்கள். குஞ்சுகளைத் தனித்தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்தால் ஒன்றோடொன்று சேர முடியுமா? காற்று மட்டும் தாராளமாய்ப் போகும். அதே தத்துவம்தான்! 850 டிகிரி செல்சியஸ் சூட்டையும் தாங்கியது. 400 டிகிரிக்குள் மீத்தேன் முழுவதும் எரிந்தது.

மூன்றாம் பகைவனுக்கு மருந்து நம்மிடமே உண்டு. சாண எரிவாயுவிலும் மீத்தேன்தான். கூடவே கந்தகம் கலந்த ஹைட்ரஜன் சல்பைடு வரும். துருப்பிடித்த இரும்புத் தூள் வழியே அனுப்பினால் அது பிடிபடும். நம்ம ஒர்க்‌ஷாப் லேத்தில் கழியும் இரும்பைப் பார்க்கும்போதெல்லாம், விறகடுப்பு ஊதிச் சிவந்த அம்மாவின் கண்கள்தான் ஞாபகம் வருது. ‘என்னடா படிச்சே?’ என்று அம்மா கேட்டால், பஞ்சாரத்தைக் காட்டியே விளக்குவேன்.