மணி தனியா இருக்கக் கத்துக்கிட்ட கதை

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் லேப் முடிஞ்சு வீட்டுக்குப் போனா, கேட் பக்கத்துலேயே வீட்டு ஓனர் நின்னுக்கிட்டு இருந்தார். "தம்பி, காலைல ஒன்பது மணில இருந்து உங்க நாய் ஊளையிடுது. கீழ் வீட்ல கைக்குழந்தை இருக்கு. ஒரு மாசம் டைம் தரேன். சரி பண்ணுங்க, இல்லேன்னா நாயை எங்கேயாவது விட்டுடுங்க" என்றார். எதிர் வீட்டுப் பாட்டியோ ஒரு படி மேலே போய், "பகல்ல நாய் ஊளையிட்டா தெருவுக்கே ஆகாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எங்கள் மணி ஒரு நாட்டு நாய். 2020 ஊரடங்கு சமயத்தில் மழையில் நனைந்துகொண்டு வாசலில் கிடந்த குட்டி. அது வளர்ந்த காலம் முழுக்க வீட்டில் எப்போதும் யாராவது இருந்தோம். எனக்கு ஆன்லைன் கிளாஸ், அப்பாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. பிறகு ஒவ்வொருவராக வெளியே போக ஆரம்பித்தோம். தனியாக இருப்பது என்றால் என்னவென்றே தெரியாத ஒரு ஜீவனை, திடீரென்று ஒரு நாள் எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனோம். இதில் தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பிரச்சினைக்கு செபரேஷன் ஆங்ஸைட்டி என்று பெயர். தமிழில் பிரிவுப் பதற்றம் எனலாம். இதைச் சரிசெய்ய நாங்கள் செய்தவற்றையும், செய்து கெடுத்துக்கொண்டதையும் இங்கே பாடமாகத் தருகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மணி இருந்தால் உதவும்.

1. முதலில் பிரச்சினை என்னவென்று பாருங்கள்

சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் எடுத்தவுடன் சால்டரிங் அயனைத் தூக்குவோமா? மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்போம். இங்கே மல்டிமீட்டர், உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன். வீடியோ ரெக்கார்டிங்கை ஆன் பண்ணி அலமாரி மேல் வைத்துவிட்டு வெளியே போங்கள்.

பிரிவுப் பதற்றம் இருக்கும் நாய், நீங்கள் போன முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஆரம்பித்துவிடும். குரைப்பு, ஊளை, அங்குமிங்கும் நடை, வாயில் எச்சில் வடிவது, கதவையும் ஜன்னலையும் பிறாண்டுவது, கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது என்று வரும். முதலில் ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டு, அப்புறம் எழுந்து செருப்பைக் கடித்தால், அது பெரும்பாலும் போரடிப்பதால்தான். அதற்கு நடையும் விளையாட்டும் போதும். தபால்காரர் வந்தால் மட்டும் குரைக்கிறது என்றால் அது வேறு கதை. குட்டியாக இருந்தால் சிறுநீரை அடக்க அதனால் முடியாது, அவ்வளவுதான்.

மணியின் வீடியோவில் நான்காவது நிமிடமே ஊளை ஆரம்பித்தது. பாட்டி சொன்ன மாதிரி கெட்ட சகுனமெல்லாம் இல்லை. நாய் ஓநாய் வம்சம். கூட்டத்தை விட்டுப் பிரிந்தவர்களைக் கூப்பிடும் சத்தம்தான் ஊளை. அது எங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

2. திட்டாதீர்கள், அடிக்காதீர்கள்

"நான் உள்ளே வந்ததும் தலையைக் குனிஞ்சுக்குது, தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது" என்று நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமில்லை. உரிமையாளர் திட்டும்போதுதான் அந்த முகம் அதிகம் வந்தது, தப்பே செய்யாத நாய்க்கும் கூட. ஆக, அது குற்ற உணர்ச்சி இல்லை, நம் கோபத்துக்கான பதில். ஏற்கெனவே பயத்தில் இருக்கும் நாயை அடித்தால், நாம் போவதற்கும் பயம், வருவதற்கும் பயம் என்றாகிவிடும்.

3. சாவிச் சத்தத்தைச் சாதாரணமாக்குங்கள்

பாவ்லோவை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். ஒரு சத்தத்தைத் தொடர்ந்து சாப்பாடு வந்துகொண்டே இருந்தால், சத்தம் கேட்டவுடனே நாய்க்கு எச்சில் ஊறும். நம் வீட்டில் நடப்பதும் அதேதான். பைக் சாவி குலுங்கினால், ஹெல்மெட்டை எடுத்தால், காலில் சாக்ஸ் ஏறினால் தனிமை வரப்போகிறது என்று மணிக்குத் தெரியும். சாவியைத் தொட்டாலே நடுங்கும்.

இதை உடைக்கும் வழியும் பாவ்லோவிடமே இருக்கிறது. சத்தம் வரட்டும், ஆனால் பின்னால் எதுவும் வரக்கூடாது. சாவியை எடுத்துக்கொண்டு போய் டி.வி. பாருங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சாப்பிட உட்காருங்கள் (வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை). ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. பத்து நாளில் மணி சாவிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

4. ஸ்டெப் இன்புட் வேண்டாம், ரேம்ப் இன்புட் கொடுங்கள்

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பூஜ்யத்திலிருந்து ஒரேயடியாக எட்டு மணி நேரத்துக்குத் தூக்கினால் சிஸ்டம் ஆடிப்போய்விடும். மெதுவாக ஏற்றினால் தாங்கிக்கொள்ளும். மனிதர்களின் அதீத பயத்துக்கு இதே முறையை 1950-களில் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் உருவாக்கினார். பயம் தலைகாட்டாத அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றுவது.

எங்கள் நோட்டில் எழுதி வைத்தது இது:

முதல் வாரம்: கதவுக்கு வெளியே 5 நொடி, 10, 5, 20, 8, 30 நொடி.
இரண்டாம் வாரம்: 1 நிமிடம், 3, 2, 5, 1, 8 நிமிடம்.

நேரம் ஏறிக்கொண்டே மட்டும் போகக்கூடாது. நடுநடுவே குறைய வேண்டும். இல்லையென்றால் "ஒவ்வொரு தடவையும் இன்னும் மோசமாகும்" என்று அது கற்றுக்கொள்ளும். பதற்றம் வருவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுவது ரொம்ப முக்கியம். ஊளை ஆரம்பித்துவிட்டால் நீங்கள் அதிகமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்த தடவை பாதியாகக் குறையுங்கள்.

கஷ்டமெல்லாம் முதல் 40 நிமிடத்துக்குள்தான். அதைத் தாண்டிவிட்டால் பிறகு அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தைரியமாக ஏற்றலாம்.

5. பயிற்சி நடக்கும்போது நாயைத் தனியே விடாதீர்கள்

எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான், நாங்களும் விட்டோம். காலையில் பத்து நொடி பயிற்சி கொடுத்துவிட்டு, பிறகு எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் என்ன பிரயோஜனம்? அதனால் ஒரு டைம்டேபிள் போட்டோம். அம்மா வேலைக்குப் போகும் நாளில் சித்தி வருவார், சித்தி வராத நாளில் மணி கீழ் வீட்டு அக்கா வீட்டுத் திண்ணையில். ஊளை அன்றைக்கே நின்றது. நோட்டையும் வீடியோவையும் காட்டியதும் ஓனரும், "சரி, முயற்சி பண்றீங்க, பாக்கலாம்" என்று கெடுவைத் தள்ளிப்போட்டார்.

மூன்றாவது வாரம் எனக்கு பிராக்டிகல் எக்ஸாம். சித்திக்குக் காய்ச்சல், அக்கா ஊரில் இல்லை. எட்டு நிமிடம் தாங்குகிற நாயை மூன்று மணி நேரம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கதவின் அடிப்பாகம் முழுக்க ரத்தக் கீறல். முன்னங்காலில் ஒரு நகம் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி அப்பா, "பெரியப்பா தோட்டத்துல கொண்டு போய் விட்டுடலாம்டா, அதுக்கும் நிம்மதி" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. அம்மாதான், "மழைல கிடந்தப்ப தூக்கிட்டு வந்தது நாமதானே, அதுவா வந்து கேட்டுச்சு?" என்றார். யாரும் பதில் பேசவில்லை. மறுநாள் மறுபடி 5 நொடியிலிருந்து ஆரம்பித்தேன்.

6. கிளம்பும் முன் சில விஷயங்கள்

நன்றாக நடக்க வையுங்கள், மோப்பம் பிடிக்க விடுங்கள். வந்ததும் தண்ணீர், கொஞ்ச நேரம் ஓய்வு. அப்புறம் கிளம்புங்கள்.

நக்கிக்கொண்டே இருக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள். தயிர்சாதத்தைக் கிண்ணத்தில் அழுத்தி ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் இருபது நிமிடம் ஓடும். தாளிக்காத தயிர்சாதம், வெங்காயம் பூண்டு கூடாது. சாக்லேட், திராட்சை நாய்க்கு விஷம்.

போகும்போது கட்டிப்பிடித்துக் கொஞ்சாதீர்கள், வந்ததும் ஆர்ப்பாட்டம் செய்யாதீர்கள். அது அமைதியானதும் தடவிக்கொடுங்கள்.

மின்விசிறி ஓடட்டும், நிழல் இருக்கட்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ கட்டிப்போடவே கூடாது. கூண்டில் அடைத்தால் சரியாகிவிடும் என்பதும் தப்பு. பதற்றத்தில் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

7. எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

காயம் பட்டால், சாப்பிடாமல் கிடந்தால், பல வாரம் ஆகியும் ஒரு நிமிடம் கூடத் தாங்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்றே மருந்துகள் இருக்கின்றன. பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் தரும். பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது மணி

40 நிமிடத்தைத் தொட எங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. இப்போது ஐந்து மணி நேரம் இருக்கிறது. அதற்கு மேல் நாங்களும் விடுவதில்லை, மதியம் யாராவது வந்து எட்டிப் பார்ப்போம். இடி இடித்தால் மட்டும் இன்னும் பயம், அது அடுத்த செமஸ்டர் சிலபஸ்.

போன வாரம் கிளாஸ் நடுவே பழைய போனின் வீடியோவைத் திறந்து பார்த்தேன் (சார் மன்னிக்கவும்). மணி என் கட்டில் மேல், என் தலையணையில், நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கட்டில் மேல் ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் யாரிடமும் சொல்லவில்லை.