பிள்ளைக்கு முதல் மிதிவண்டி: அளவறிந்து வாங்குவோம்

பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் வாழ்ந்தார். தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டி கரடுமுரடான தரையில் குலுங்குவதைக் கண்ட அவர், ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார். 1888-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மிதிவண்டிக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் காற்றடைத்த டயர் தேவைப்பட்டது. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஒரு தந்தை தம் பிள்ளையின் வண்டியைக் கூர்ந்து கவனித்ததற்கும் நம் தொழிலுக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு. நம் பிள்ளையின் வண்டியை நாம் அவ்வாறு கவனிக்கின்றோமா?

தோட்டங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஏழு வயதுச் சிறுவன் பெரியவர்களுக்குரிய மிதிவண்டியை ஓட்டுகிறான். இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டுவதில்லை. ஆகவே சட்டத்தின் இடையே காலை நுழைத்து மிதிக்கிறான். கேட்டால், "வளர்ந்துவிடுவான், இரண்டு முறை செலவு செய்ய முடியுமா?" என்கிறார் தந்தை.

பால் வெட்டிச் சேர்த்த பணத்தைச் சிக்கனமாகச் செலவிட எண்ணுவது தவறன்று. ஆனால் சட்டை பெரிதாக இருந்தால் மடித்துத் தைக்கலாம். மிதிவண்டியை மடித்துத் தைக்க இயலாது. விடியுமுன் பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட, பிள்ளை தனியே பள்ளிக்குப் புறப்படுகிறது. வளைவில் லோரி எதிர்ப்படும்போது பிரேக்கைப் பிடிக்க வேண்டியது அந்தச் சிறிய கை. தரையில் ஊன்ற வேண்டியது அந்தச் சிறிய கால். எனவே, வருங்கால உயரத்திற்கன்று, இன்றைய உயரத்திற்கே மிதிவண்டி வாங்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

பிள்ளைகளின் மிதிவண்டிகளைச் சக்கரத்தின் அளவைக் கொண்டு குறிப்பிடுவர். ஐந்து, ஆறு வயதினருக்கு 16 அங்குலமும், ஏழு முதல் ஒன்பது வயதினருக்கு 20 அங்குலமும், அதற்கு மேல் 24 அங்குலமும் பெரும்பாலும் பொருந்தும். எனினும் வயதைவிடக் காலின் நீளமே முக்கியம். ஆகவே பிள்ளையை உடன் அழைத்துச் செல்வோம்.

1. கால்: புதிதாகப் பழகும் பிள்ளை இருக்கையில் அமர்ந்தால், இரு பாதங்களும் தரையில் நன்கு பதிய வேண்டும். சட்டத்தின் இருபுறமும் கால் வைத்து நிற்கும்போது, மேற்சட்டம் உடலில் படாமல் ஓரிரு அங்குல இடைவெளி இருக்க வேண்டும்.

2. கை: பிள்ளையைப் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி, வண்டியை நாம் முன்னே தள்ளிப் பார்ப்போம். சக்கரம் உருண்டால் அந்த வண்டி வேண்டாம், அல்லது கடைக்காரரைக் கொண்டு பிரேக்கைச் சரிசெய்வோம்.

3. எடை: கீழே கிடத்திய வண்டியைப் பிள்ளை தானே தூக்கி நிறுத்த வேண்டும். பலவகை கியர்கள் முதல் வண்டிக்குத் தேவையில்லை.

வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட பந்தய வண்டியைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பர். அது தார்ச்சாலைக்கு உரியது. சரளைக் கல்லிலும் மழையில் நனைந்த செம்மண்ணிலும் மெல்லிய டயர் எளிதில் வழுக்கும். தோட்டச் சாலைக்குச் சற்று அகன்ற டயரும் நேரான கைப்பிடியுமே ஏற்றவை.

பழைய வண்டி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பொருந்தாத புதிய வண்டியைவிடப் பொருந்தும் பழைய வண்டி மேலானது. சட்டத்தில் வெடிப்போ கோணலோ இருத்தலாகாது. சக்கரத்தைச் சுழற்றினால் ஆடாமல் சுழல வேண்டும். தேய்ந்த பிரேக் ரப்பரையும் வெடித்த டயரையும் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். பிள்ளை வளர்ந்தபின் அதே வண்டியைத் தம்பி தங்கைக்கோ அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்கலாம். இரு முறை செலவாகுமே என்னும் கவலைக்கு இதுவே விடை.

பழக்கும் முறை

இரு பெடல்களையும் கழற்றிவிட்டு, இருக்கையைத் தாழ்த்துவோம். வலப்பெடலை இடஞ்சுழியாகவும் இடப்பெடலை வலஞ்சுழியாகவும் திருப்பினால் கழலும். சிறிதே சரிவான புல்திடலில் பிள்ளை காலால் உந்திச் செல்லட்டும். இரு கால்களையும் தூக்கியபடி உருளப் பழகிய பின், பெடல்களை மீண்டும் பூட்டுவோம். சமநிலை முதலில், மிதிப்பது பிறகு.

அடுத்து, சாலைப் பாடம். இடப்பக்கமே செல்லுதல், சந்திப்பில் நின்று இருபுறமும் பார்த்தல், லோரியின் அருகே ஒட்டிச் செல்லாதிருத்தல் ஆகியவற்றை முதல் சில நாள்கள் உடன் சென்று கற்பிக்க வேண்டும். தலைக்கவசம் புருவத்திற்கு இரு விரற்கடை மேலே அமர வேண்டும். இருளில் விளக்கின்றி ஓட்டலாகாது.

2017 பிப்ரவரி 18-ஆம் நாள் அதிகாலையில், ஜொகூர் பாருவில் மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்ற இளையோர் எண்மர் கார் மோதி உயிரிழந்தனர். பிரேக்கைக் கழற்றி மாற்றியமைக்கும் 'பாசிக்கால் லாஜாக்' வண்டிகளைப் பற்றி அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. வண்டி வாங்கித் தந்ததோடு பெற்றோர் கடமை முடிவதில்லை என்பதை நாம் மறக்கலாகாது. வாரம் ஒரு முறையேனும் பிரேக்கையும் டயரின் காற்றையும் சோதிப்போம். இருக்கையின் உயரம் இன்னும் பொருந்துகிறதா எனவும் பார்ப்போம்.

காலையில் மகிழ்ச்சியோடு புறப்படும் பிள்ளை, மாலையில் அதே மகிழ்ச்சியோடு லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு உரிய அளவில் வாங்குவோம், பொறுமையோடு பழக்குவோம்.