செக்ரட்டேரியட்டின் இதயம் எத்தனை கிலோ?

மாணவர்களே, 1973 ஜூன் 9ஆம் நாள் நியூயார்க்கின் பெல்மண்ட் பந்தயத்தில், செக்ரட்டேரியட் என்ற மூன்று வயதுக் குதிரை 2,414 மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 24 விநாடியில் கடந்தது. இரண்டாவதாக வந்த குதிரை 31 குதிரை நீளம் பின்தங்கியிருந்தது. தூரத்தை நேரத்தால் வகுத்தால், 2,414 ÷ 144 = விநாடிக்குச் சுமார் 16.8 மீட்டர். அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர்! அந்தப் பந்தயத்தில் இந்த நேரத்தை இதுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, பிரிக்னஸ் பந்தயத்திலும் அதுவே வென்றது. ஆனால், மின்சார நேரக் கருவி சரியாக இயங்கவில்லை. கருவி காட்டிய நேரம் 1 நிமிடம் 55 விநாடி. கையில் கடிகாரம் பிடித்து அளந்தவர்கள் அதைவிடக் குறைந்த நேரத்தைக் கூறினர். 2012இல் பழைய காணொளிகளை ஆராய்ந்த பிறகு, அதிகாரபூர்வ நேரம் 1 நிமிடம் 53 விநாடி எனத் திருத்தப்பட்டது. இரண்டு விநாடி அற்பமா? அந்த வேகத்தில் அது 30 மீட்டருக்கும் அதிகமான தூரம்!

செக்ரட்டேரியட் 21 பந்தயங்களில் ஓடி 16இல் வென்றது. 1973 இறுதியிலேயே ஓய்வு பெற்று, இனப்பெருக்கத்திற்காகக் கென்டக்கி மாநிலப் பண்ணை ஒன்றுக்குச் சென்றது. அதன் பங்குகள் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே 60 லட்சம் டாலருக்கும் மேல் விற்கப்பட்டிருந்தன. 1989இல் அதன் குளம்பில் லேமினைடிஸ் நோய் கண்டது. குளம்பின் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் இணைக்கும் திசுக்கள் வீங்கிச் சிதைவதே இந்நோய். நிற்பதே வேதனையாகிவிடும். குணப்படுத்த வழியில்லாததால், 19 வயதில் அதற்கு வலியற்ற மரணம் அளிக்கப்பட்டது.

உடலைப் பரிசோதித்த மருத்துவர் அதன் இதயத்தைக் கண்டு வியந்தார். நோய் எதுவும் இல்லை; ஆனால், வழக்கத்தைவிட மிகப் பெரியது. பெரிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளும். தசைகளுக்கு அதிக உயிர்வளி கிடைக்கும். பந்தயக் குதிரையின் இதயம் பொதுவாக 4 கிலோ அளவில் இருக்கும். செக்ரட்டேரியட்டின் இதயம் 10 கிலோ எனப் பலரும் எழுதுகிறார்கள்.

உண்மையில், அந்த இதயம் தராசில் வைக்கப்படவே இல்லை. 1973இல் அதனுடன் போட்டியிட்ட ஷாம் என்ற குதிரை 1993இல் இறந்தபோது, அதே மருத்துவர் அதன் இதயத்தை நிறுத்துப் பார்த்தார். சுமார் 8 கிலோ. இரண்டையும் கண்ணால் கண்டவர் என்பதால், முதலாவது 10 கிலோ இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார். நல்ல மதிப்பீடுதான், ஆனால், அளவீடு அல்ல.

பிரிக்னஸ் நேரத்தைத் திருத்த முடிந்தது, காணொளி இருந்ததால். இதயத்தின் எடையைச் சரிபார்க்க இனி வழியே இல்லை. எனவே, அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் ஓர் எண்ணை எழுதும்போது, அது அளந்ததா, மதிப்பிட்டதா என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

பயிற்சி: பிரிக்னஸ் பந்தயத்தின் தூரம் 1,911 மீட்டர். பழைய நேரத்திற்கும் திருத்திய நேரத்திற்கும் சராசரி வேகத்தைக் கணக்கிடுக.