நாலில் எது?

நுவரெலியா

அன்புள்ள தம்பிக்கு,

றம்பொடை ஏற்றத்தில் உதறுகிறது என்று கார் வந்தால், உங்கள் கராஜில் உடனே நாலு பிளக்கும் மாற்றிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். சில வேளை சரியாகிவிடும். ஆனால் எது பழுது என்று யாருக்கும் தெரியாது. முதலில் எந்த சிலிண்டர் என்று பிடி. ஏன் என்பதைப் பிறகு கேள்.

ஸ்கேனரைப் பூட்டு. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. பி0300 வந்தால் ஒன்றுக்கு மேற்பட்டவை மிஸ் அடிக்கின்றன, அதாவது சரியாக எரிவதில்லை. அப்போது காற்றுக் கசிவு, பெற்றோல் அழுத்தம் போன்ற பொதுக் காரணத்தைத் தேடு. ஸ்கேனர் இல்லையா? எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டு. எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

அடுத்தது இடமாற்றம். பழுது இரண்டாவதில் என்று வை. இரண்டாவதின் கொயிலை மூன்றாவதில் போட்டு ஓட்டிப் பார். மிஸ்ஸும் மூன்றாவதுக்குப் போனால் கொயில்தான் பழுது. போகாவிட்டால் பிளக்கையும், பிறகு இன்ஜெக்டரையும் அப்படியே மாற்றிப் பார். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நிறுத்தி வைத்தால் ஒழுங்காக ஓடி, ஏற்றத்தில் மட்டும் உதறுவது ஏன்? சுமை கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். தளர்ந்த கொயில் அங்கேதான் கைவிடும். பனிமூட்டக் காலையில் மட்டும் மிஸ் அடித்தால் கொயிலின் இறப்பர் உறையில் வெடிப்பு இருக்கிறதா, பிளக் குழியில் ஈரம் தேங்கியிருக்கிறதா என்று பார்.

இவை எல்லாம் சரியென்றால் கொம்பிரஷன் பார். இங்கே ஒரு கவனம் வேண்டும்: நாம் இருப்பது ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில். காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே 180 பி.எஸ்.ஐ. காட்டும் எஞ்சின் இங்கே 145 அளவில்தான் காட்டும். புத்தகத்து எண்ணைப் பார்த்து எஞ்சினைப் பிரிக்காதே. நாலையும் ஒன்றோடொன்று ஒப்பிடு. ஒன்று மட்டும் மிகக் குறைந்தால் அதில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பார். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் காரை ஓட்டக்கூடாது. எரியாத பெற்றோல் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் நாசமாக்கும். அதன் விலைக்குப் பல கொயில் வாங்கலாம் என்று காரின் சொந்தக்காரருக்கு அன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்