டிரான்சிஸ்டரும் தலைகீழ் மின்னழுத்தமும்

சிங்கப்பூரில் தேக்கா என நம்மவர் வழங்கும் லிட்டில் இந்தியாவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவரை அடையலாம். வானொலி பழுதுபார்ப்போர்க்கு வேண்டிய சிறு பாகங்களை விற்கும் கடைகளால் பெயர்பெற்ற கட்டடம் அது. அதன் அண்மையில் இயங்கி, 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில் பழைய வானொலிப் பெட்டிகளும் விலைக்குக் கிடைத்தன. அத்தகைய பெட்டியில் பேட்டரியைத் தலைமாற்றி இணைத்துவிட்டால் டிரான்சிஸ்டருக்கு யாது நேரும் என்பதை இம்மாதப் பாடத்தில் காண்போம்.

டிரான்சிஸ்டரில் உமிழி, அடிவாய், ஏற்பான் என மூன்று பகுதிகளும், அவற்றினிடையே இரண்டு சந்திகளும் உள. மின்னோட்டத்தைத் தடுக்கும் திசையில் ஒரு சந்திக்குத் தரப்படும் அழுத்தமே தலைகீழ் மின்னழுத்தம். வானொலி செவ்வனே ஒலிக்கும்போதும் ஏற்பான் சந்தி இந்நிலையில்தான் இருக்கிறது. அதற்கெனவே அது அமைக்கப்பட்டது. பிசி547 எனும் சிலிக்கான் டிரான்சிஸ்டரில் இச்சந்திக்கு 50 வோல்ட் வரை தரலாம். உமிழிச் சந்திக்கோ 6 வோல்ட்டே வரம்பு!

இவ்வளவு வேறுபாடு ஏன்? உமிழியில் வேற்றணுக்கள் மிகுதியாகக் கலக்கப்பட்டுள்ளன. அதனால் அங்குள்ள தடுப்புப் படலம் மிக மெல்லியது. சில வோல்ட் அழுத்தமே அதனை உடைத்து மின்னோட்டத்தைப் பாயவிடும். ஏற்பானில் வேற்றணுக்கள் குறைவு, படலம் அகன்றது.

9 வோல்ட் பேட்டரி தலைமாறினால் உமிழிச் சந்தி தன் வரம்பைக் கடந்துவிடக்கூடும். மின்னோட்டம் சிறிதாயின் டிரான்சிஸ்டர் கருகாது, புகையும் எழாது. ஆயினும் அதன் பெருக்கும் திறன் குன்றும், இரைச்சல் மிகும். வெட்டுக்கத்தி பட்டையைக் கடந்து மரத்தைத் தொட்டுவிட்டால், ரப்பர் மரம் நின்றுகொண்டுதான் இருக்கும். புதுப்பட்டை மட்டும் சீராக வளராது. அதனை ஒத்ததே இதுவும். (இவ்வளவுகள் சிலிக்கான் வகைக்கே உரியன, பழைய ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களின் வரம்புகள் வேறு. வெப்பத்தில் அவற்றின் கசிவு மின்னோட்டமும் மிகுதி.)

பழுதுபார்க்கப் பழகும் இளைஞர்கள் மற்றொன்றையும் அறிதல் நலம். முள் உடைய மல்ட்டிமீட்டர் பலவற்றில், ஓம் அளவையின் 10,000 மடங்கு நிலைக்கு 9 வோல்ட் பேட்டரியே பயன்படுகிறது. அந்நிலையில் உமிழிச் சந்தியைத் தலைகீழாகச் சோதித்தால், நல்ல டிரான்சிஸ்டரிலும் முள் அசையலாம். அதனைப் பழுதென எறிந்துவிடாமல், தாழ்ந்த ஓம் நிலைக்கு மாற்றி மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போது முள் அசையாது நின்றால், தலைகீழ்த் திசையில் அச்சந்தி கசியவில்லை என்று கொள்ளலாம்.