முதல் கோணல்

கீழ்க்காணும் பகுதியை வாசித்துப் பொருளறிக.

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் இரயிலில் ஏறிய நான்காம் படிவ மாணவன் ஒருவன், சன்னலோர இருக்கையில் அமர்ந்தான். ஷா ஆலாம், சுபாங் ஜெயா எனப் பழகிய நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அவன் வெளியே பார்க்கவில்லை. தமிழாசிரியர் கொடுத்த விடுமுறைப் பணியைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தான். 'நீ முதன்முறையாகக் காணும் ஒன்றைப் பற்றி உன் மனத்தில் எழும் எண்ணங்களை எழுதுக' என்பதே அப்பணி.

எதைப் பற்றி எழுதுவது என்பதை அவன் முன்பே முடிவு செய்திருந்தான். பிரிக்பீல்ட்சில் வசிக்கும் பெரியம்மாவின் மகன், கணினி வரைகலை பயிலும் பல்கலைக்கழக மாணவர். அவரிடம் 'ஃபைனல் ஃபேன்டசி 15' என்னும் புகழ்பெற்ற காணொலி விளையாட்டு இருந்தது. அதை ஒருமுறையேனும் விளையாடிப் பார்க்க வேண்டும் என்பது மாணவனின் நெடுநாள் ஆசை.

கிள்ளானில் சிறிய கார் பட்டறை நடத்தும் அவன் தந்தைக்கு அம்முடிவு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. விடுமுறை நாள்களில் மகன் பட்டறையில் உதவுவது வழக்கம். இம்முறை இரண்டு நாள் விடுப்புக் கேட்டபோது, "விளையாட்டைப் பற்றிக் கட்டுரையா? அதில் எழுத என்னப்பா இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு அவனிடம் உடனே பதில் இல்லை.

'ஃபைனல் ஃபேன்டசி 15' ஒரு திறந்த உலக விளையாட்டு. பாகமேற்று விளையாடும் வகையைச் சேர்ந்தது. விளையாடுபவர் ஒரு கதைமாந்தரின் பாகத்தை ஏற்கிறார். அம்மாந்தர் பட்டறிவு பெறப் பெற, அவருடைய ஆற்றலும் வளர்கிறது. 'திறந்த உலகம்' என்றால், ஒரு கட்டத்தை முடித்த பிறகே அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம் என்னும் கட்டாயம் குறைவு. காடு, மலை, சாலை, சிற்றூர் எனப் பரந்து கிடக்கும் நிலத்தில், விரும்பிய திசையில் நடக்கலாம். தோக்கியோவைத் தளமாகக் கொண்ட ஸ்குவேர் ஈனிக்ஸ் நிறுவனம் இவ்விளையாட்டை முதன்முதலில் 2006ஆம் ஆண்டு வேறொரு பெயரில் அறிவித்தது. பல மாற்றங்களுக்குப் பிறகு, 2016ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அது வெளியீடு கண்டது.

மதிய உணவுக்குப் பின் அண்ணன் கருவியை இயக்கினார். மாணவன் வாள்வீச்சையும் பெரும்போரையும் எதிர்பார்த்து நிமிர்ந்து அமர்ந்தான். இளவரசன் நோக்டிஸ், மூன்று நண்பர்களுடன் அரண்மனையிலிருந்து புறப்படுகிறான். அடுத்த காட்சியில், வெயில் கொளுத்தும் வறண்ட நிலத்தின் நடுவே அவர்களுடைய கார் பழுதாகி நிற்கிறது. இளவரசன் காரைப் பின்னாலிருந்து தள்ளுகிறான்!

மாணவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஏன் தம்பி சிரிக்கிறாய்?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒன்றுமில்லை அண்ணா. ஒருவர் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்க, மற்றவர்கள் பின்னால் தள்ளுகிறார்கள். எங்கள் பட்டறைக்கு வரும் கார்களை நானும் அப்பாவும் இப்படித்தான் உள்ளே தள்ளுவோம். இதிலிருந்து தப்பித்து வந்தால், இங்கேயும் இதே வேலை!"

பெரிய வீரச்செயலை எதிர்பார்த்தவனுக்கு முதலில் ஏமாற்றம்தான். ஆயினும், பொத்தானை அழுத்திக் காரை நகர்த்தியபோது, அந்நால்வரும் ஒருவரையொருவர் கேலி செய்வதைக் கேட்டான். யார் பொறுப்பானவர், யார் சோம்பேறி, யார் வாயாடி என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் அவனுக்குப் புரிந்துவிட்டது. யாரும் அவர்களை அறிமுகப்படுத்தவில்லை. பழுதான காரே அவர்களை அறிமுகப்படுத்தியது.

கார் ஒரு பட்டறையை அடைந்தது. பழுதுபார்ப்பதில் இளவரசனின் பணம் கரைந்துபோனது. பணம் ஈட்ட அவர்கள் அருகிலுள்ள வெளியில் வேட்டைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. இப்போதுதான் அந்த உலகம் மாணவனுக்கு முன் விரிந்தது. தொலைவில் பாறைக் குன்றுகள். மேகத்தின் நிழல் மெல்ல நகரும் புல்தரை. குறிப்பிட்ட இடத்திற்குப் போகப் புறப்பட்டவன், வழியில் மின்னிய ஒன்றைக் கண்டு விலகினான். அங்கிருந்து ஒரு பாறையைச் சுற்றிப் பார்க்கச் சென்றான். வேட்டையை மறந்தே போனான். வழிதவறுவதிலும் ஓர் இன்பம் உண்டு என்பதை அவன் அன்று உணர்ந்தான்.

குறைகளும் அவன் கண்ணில் பட்டன. நிலம் பரந்திருந்தாலும், அதற்கு எல்லை இருந்தது. கார் சாலையைவிட்டு இறங்க மறுத்தது. சண்டை மும்முரமானபோது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே தெரியாமல் குழம்பினான். 'எங்கும் போகலாம் என்று எண்ணினேன். ஆனால், எங்கே போகலாம் என்பதை வேறொருவர் முன்பே எண்ணி வைத்திருக்கிறார்' என்று தன் குறிப்பேட்டில் எழுதினான்.

விளையாட்டுக்குள் பொழுது சாய்ந்தது. இருளில் கொடிய உருவங்கள் நடமாடத் தொடங்கின. நண்பர்கள் ஒரு பாறைமேட்டில் கூடாரம் அமைத்தனர். அந்நால்வருக்கும் ஆளுக்கொரு திறன் உண்டு. நோக்டிஸ் மீன்பிடிப்பான், கிளாடியோலஸ் காட்டில் பிழைக்கத் தெரிந்தவன், இக்னிஸ் சமைப்பான், பிராம்ப்டோ புகைப்படம் எடுப்பான். இக்னிஸ் சமைத்த உணவை உண்டபின், பிராம்ப்டோ அன்று எடுத்த படங்கள் திரையில் வரிசையாகத் தோன்றின. காரைத் தள்ளிய காட்சிகூட அவற்றுள் இருக்கும் என்று மாணவன் தேடினான்.

அப்போது ஒன்றைக் கவனித்தான். பகல் முழுவதும் வேட்டையாடிச் சேர்த்த பட்டறிவுப் புள்ளிகள் அதுவரை கணக்கில் ஏறவில்லை. நண்பர்கள் ஓய்வெடுத்த பிறகே அவை கூட்டப்பட்டன. அதன் பிறகே அவர்களின் ஆற்றல் ஒரு படி உயர்ந்தது.

"அண்ணா, சண்டை போடும்போதே ஆற்றல் உயராதா?"

"உயராது. எவ்வளவு ஓடினாலும், நின்று இளைப்பாறினால்தான் ஓடியது உனக்குச் சொந்தமாகும். இந்த விளையாட்டின் விதி அது."

சுவர்க் கடிகாரம் இரவு மணி பதினொன்றைக் காட்டியது. "இன்னும் ஒரே ஒரு வேட்டை அண்ணா" என்று மாணவன் கெஞ்சினான். அண்ணன் சிரித்துக்கொண்டே கருவியை அணைத்தார். "உன் புள்ளிகளும் கணக்கில் ஏற வேண்டாமா? போய்த் தூங்கு" என்றார்.

படுக்கையில் கிடந்தபடி மாணவன் இன்னொரு கேள்வி கேட்டான். "இதையெல்லாம் யார் அண்ணா உருவாக்குகிறார்கள்? எல்லாரும் ஜப்பானியர்களா?"

"இல்லை. இவ்விளையாட்டின் முதன்மை வடிவமைப்பாளர்களுள் ஒருவர் மலேசியர். வான் ஹஸ்மர் என்பது அவர் பெயர். தோக்கியோவில் ஸ்குவேர் ஈனிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். இவ்விளையாட்டு வெளிவந்த மறு ஆண்டே, அதாவது 2017இல், மலேசியாவில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானின் கேப்காம் நிறுவனத்தில் ஓவியராக இருந்த தம் உறவினர் டாயிம் சியாவுடினும் அவருடன் சேர்ந்தார். 'மெட்ரொனொமிக்' என்னும் அந்நிறுவனம், 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தன் முதல் விளையாட்டை வெளியிட்டது. இசையை மையமாகக் கொண்ட அதன் பெயர் 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்'. நேரான சாலைகள் இல்லை என்று பொருள்."

மாணவன் எழுந்து உட்கார்ந்தான். அதுவரை விளையாட்டு என்பது எங்கோ தொலைவில், யாரோ செய்து அனுப்பும் பொருளாக அவனுக்குத் தோன்றியிருந்தது. "அப்படியென்றால், இங்கிருந்தும் இதைச் செய்யலாமா?" என்றான்.

"செய்கிறார்களே! ஓவியர், கதையாசிரியர், இசையமைப்பாளர், கணிதம் தெரிந்தவர், பிழைகளைத் தேடிக் கண்டுபிடிப்பவர் எனப் பலர் சேர்ந்தால்தான் ஒரு விளையாட்டு உருவாகும். எனக்கு வரையத் தெரியும். ஆனால், காரை எப்படித் தள்ளுவார்கள் என்று நான் வரைய வேண்டுமானால், உன்னைத்தான் கேட்க வேண்டும்."

மறுநாள் காலை, பெரியம்மா தோசை மாவு வாங்கிவர அனுப்பினார். மாணவன் ஜாலான் துன் சம்பந்தன் சாலைக்கு வந்தான். எத்தனையோ முறை நடந்த வழிதான். இருப்பினும், அன்று அவன் கண்கள் அவ்வழியைப் புதிதாகப் பார்த்தன. நடைபாதையில் மேடிட்ட கோடுகளும் புள்ளிகளும் கொண்ட ஓடுகள் பதிக்கப்பட்டிருந்தன. முன்னால் வெண்கோலுடன் நடந்த பெரியவர் ஒருவர், அக்கோடுகளைத் தொட்டுணர்ந்தபடி தயக்கமின்றிச் சென்றார். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்சில்தான் உள்ளது. மற்றவர்கள் கவனிக்காமல் மிதித்துச் செல்லும் ஓடு, அவருக்கு வரைபடமாக விளங்கியது. ஒரே தெருவை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாசிக்கிறார்கள் என்று மாணவன் எண்ணிக்கொண்டான்.

வீடு திரும்பியதும், "பிரிக்பீல்ட்ஸ் என்று ஏன் பெயர் வந்தது பெரியம்மா?" என்று கேட்டான்.

"இங்கே செங்கல் சூளைகள் இருந்தன ஐயா. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. அப்போது பெரும்பாலும் மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகள்தாம். பிறகு செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதற்கான செங்கல் இங்கிருந்துதான் போனது" என்றார் பெரியம்மா.

மாணவன் குறிப்பேட்டைத் திறந்தான். 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்னும் பழமொழியைத் தலைப்பில் எழுதினான். சற்று யோசித்து, 'முற்றும் கோணல்' என்பதை அடித்துவிட்டான். பிறகு தொடர்ந்து எழுதலானான்:

'நான் விளையாடிய விளையாட்டு, பழுதான காரில் தொடங்கியது. அதனால்தான் அம்மாந்தர்களை எனக்குப் பிடித்துப் போயிற்று. நான் தங்கியிருக்கும் ஊர், தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த நகரை மீண்டும் கட்டியெழுப்பச் செங்கல் தந்தது. தொடக்கம் கோணலாக இருந்தால் எல்லாமே கோணலாகிவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதேபோல, தொடக்கம் நன்றாக இருந்தால் முடிவும் நன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இவ்விளையாட்டின் பிற்பகுதியில் திறந்த உலகம் சுருங்கி, ஒரே பாதையில் செல்லும் கதையாகிவிடுகிறது என்று அண்ணன் கூறினார். நான் அதுவரை செல்லவில்லை. எனவே, இது முதல் நாளின் தீர்ப்பு மட்டுமே.'

ஞாயிறு மாலை அவன் கிள்ளானுக்குத் திரும்பினான். இம்முறை இரயிலின் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பட்டறையில் தந்தை ஒரு காரின் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். மாணவன் அருகில் குந்தி அமர்ந்து, இளவரசன் கார் தள்ளிய கதையைச் சொன்னான். அதை உருவாக்கியவர்களுள் ஒருவர் மலேசியர் என்பதையும் சொன்னான்.

தந்தை வெளியே வந்து, கையில் படிந்த எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்தார்.

"இளவரசனே தள்ளினானா? சரி, காரில் என்ன பழுது?"

மாணவன் விழித்தான். அதைக் கவனிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அதைப் பார்க்காமல் என்னப்பா எழுதினாய்?" என்று தந்தை சிரித்தார். பிறகு, "அடுத்த வாரம் அண்ணனை இங்கே வரச் சொல். எனக்கும் அந்தக் காரைக் காட்டட்டும்" என்றார்.

மாணவன் தலையசைத்துவிட்டு, தந்தை கேட்ட ஸ்பேனரை எடுக்க எழுந்தான்.

சொற்பொருள்

பாகமேற்று – ஒரு கதைமாந்தராகத் தன்னைக் கருதிச் செயல்பட்டு
பட்டறிவு – நேரடியாகச் செய்து, கண்டு பெறும் அறிவு
கோணல் – வளைவு, சீரின்மை
மும்முரம் – தீவிரம்
சூளை – செங்கல் சுடும் இடம்
அத்தாப்பு – கூரை வேயப் பயன்படும் ஓலை

கருத்துணர்தல்

1. மாணவனின் தந்தை எழுப்பிய முதல் கேள்வி யாது? அக்கேள்விக்கு மாணவன் எவ்வாறு விடை கண்டான்?
2. 'பழுதான காரே அவர்களை அறிமுகப்படுத்தியது' என்பதன் பொருளை விளக்குக.
3. ஓய்வெடுத்த பிறகே புள்ளிகள் கணக்கில் ஏறும் விதியை உன் கல்வியோடு ஒப்பிட்டு எழுதுக.
4. மாணவன் பழமொழியின் பிற்பாதியை ஏன் அடித்துவிட்டான்? அவன் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் கூறுக.
5. நீ அன்றாடம் நடக்கும் ஒரு தெருவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் கவனித்து, உன் எண்ணங்களை 120 சொற்களில் எழுதுக.